நாலு மில்லிமீட்டர் மயில்

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவை ஒட்டிய நமாட்ஜி தேசியப் பூங்காவில், 2008ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் ஹாரிஸ் என்ற ஒளிப்பட ஆர்வலர் ஒரு சின்னஞ்சிறு சிலந்தியைப் படமெடுத்தார். படத்தை ஃப்ளிக்கர் தளத்தில் ஏற்றினார். சிட்னியில் வசித்த ஜூர்கன் ஓட்டோவின் கண்ணில் அது பட்டது. சிலந்தியின் முதுகில் இருந்த நிறக்கோலம், அதுவரை பெயர் சூட்டப்பட்ட எந்தச் சிலந்தியோடும் ஒத்துப்போகவில்லை. அறிவியலுக்குப் புதியதாக இருக்கலாம், ஆனால் படத்தை வைத்துக்கொண்டு மட்டும் அப்படிச் சொல்லிவிட முடியாது, சிலந்தியே வேண்டும் என்ற செய்தி ஹாரிஸுக்குப் போனது. அவர் மறுபடியும் மலையேறினார். நெடுநாள் தேடலுக்குப் பிறகு சிலந்தி கிடைத்தது. 2011இல் ஓட்டோவும் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஹில்லும் அதற்கு மரேடஸ் ஹாரிசி என்று பெயரிட்டார்கள்.

ஒரு படம் எவ்வளவு தூரம் வழிகாட்டும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்ற இரண்டையும் இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது. படம் இல்லாமல் அந்தச் சிலந்தியை யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். படத்தோடு நிறுத்தியிருந்தால் அதற்குப் பெயரும் கிடைத்திருக்காது.

ஹாரிஸ் படமெடுத்தது ஒரு தாவும் சிலந்தி. தாவும் சிலந்திகளின் குடும்பத்துக்குச் சால்டிசிடே என்று பெயர். சிலந்திக் குடும்பங்களிலேயே மிகப் பெரியது இதுதான். 6,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் அடங்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியலில் 2022 ஏப்ரலில் 50,000ஆவது பெயராக ஏறியதும் பிரேசிலைச் சேர்ந்த ஒரு தாவும் சிலந்திதான். இந்தக் குடும்பத்தைப் படத்தில் அடையாளம் காண்பது எளிது. முகத்தின் நடுவில் முன்னோக்கிப் பார்க்கும் இரண்டு பெரிய கண்கள், அவற்றின் இருபுறமும் சற்றுச் சிறிய இரண்டு, தலையின் மேற்பக்கம் பின்னோக்கிப் போகும் இன்னும் நான்கு. இரைக்காக வலை பின்னாமல், பார்த்து, பதுங்கி, பாய்ந்து பிடிக்கும் வேட்டைக்காரர்கள் இவை. வீட்டுச் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று சட்டென்று நின்று, உடம்பைத் திருப்பி, பார்ப்பவரையே பார்க்கிறது என்றால் அது பெரும்பாலும் தாவும் சிலந்திதான். இதுவரை சிக்கல் இல்லை. குடும்பத்திலிருந்து பேரினத்துக்கும், பேரினத்திலிருந்து சிற்றினத்துக்கும் இறங்கும்போதுதான் தரை வழுக்க ஆரம்பிக்கிறது.

மரேடஸ் என்ற பேரினத்துக்கு மயில் சிலந்தி என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ எல்லாமே ஆஸ்திரேலியாவுக்கே உரியவை. இன்று 100க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பெயர் பெற்றுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை 2011க்குப் பிறகு பெயர் சூட்டப்பட்டவை. உடல் நீளம் பொதுவாக 4 அல்லது 5 மில்லிமீட்டர், ஓர் அரிசி மணிக்குள் அடங்கிவிடும். ஆணின் பின்னுடல் மேற்புறம் நிறச் செதில்களால் மூடப்பட்டிருக்கும். பல சிற்றினங்களில் அதன் இரு ஓரங்களிலும் மடல்கள் உண்டு. பெண்ணைக் கண்டதும் ஆண் பின்னுடலை நிமிர்த்தி, மடல்களை விரித்து, மூன்றாவது ஜோடிக் கால்களை உயர்த்தி ஆடும். இங்கிலாந்துப் பாதிரியாரும் சிலந்தி அறிஞருமான பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் 1874இல் இவற்றில் ஒன்றை விவரித்தபோது, அந்த மடல்களை விரித்துக்கொண்டு அது காற்றில் மிதந்து தாவும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதனால் லத்தீனில் ‘பறப்பது’ என்று பொருள்படும் வோலன்ஸ் என்ற பெயரை வைத்தார். சிலந்தி பறப்பதில்லை. மடல்கள் பெண்ணுக்குக் காட்டுவதற்காக இருப்பவை. தவறான தகவலால் வந்த அந்தப் பெயர், பெயரிடும் விதிகளின்படி இன்றும் அப்படியே நிற்கிறது.

உயிருள்ள சிலந்தியைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் மிகச் சிலரே என்பதால் அந்தக் கதை நெடுங்காலம் உலவியது. ஓட்டோ சிலந்தி ஆய்வாளராகத் தொடங்கியவர் அல்ல. அவர் துறை உண்ணிகள், சிற்றுண்ணிகள். 2005இல் சிட்னிக்கு வடக்கே குரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது கால்மாட்டில் துள்ளிய ஒரு மயில் சிலந்தியைக் கண்டார். அன்று தொடங்கிய ஆர்வம்தான் பின்னர் உலகமே பார்த்த நடனக் காணொளிகளாகவும், ஹில்லோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகளாகவும் வளர்ந்தது. அந்தக் கட்டுரைகளில் வரைபடங்களை விட உயிருள்ள ஆண்களின் ஒளிப்படங்களே பக்கங்களை நிறைக்கின்றன. அதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

சிலந்தி அறிஞர்கள் சிற்றினத்தைத் தீர்மானிக்க வழக்கமாக நாடுவது நிறத்தை அல்ல, இனப்பெருக்க உறுப்புகளை. ஆணின் வாயருகே இருக்கும் பெடிபால்ப் என்ற குட்டிக் கைகளின் முனையில் விந்தைக் கடத்தும் உறுப்பு இருக்கிறது. பெண்ணின் பின்னுடலுக்கு அடியில் அதற்கு ஈடான அமைப்பு உண்டு. நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் இந்த வடிவங்கள் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுபடும் என்பது துறையின் பொதுவான அனுபவம். மயில் சிலந்திகளிலோ நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் பெடிபால்ப்புகள் கிட்டத்தட்ட ஒரே அச்சாக இருக்கின்றன. வேறுபாடு முழுவதும் விரித்த பின்னுடலாகிய தோகையிலும், மூன்றாம் காலிலும், ஆட்டத்திலும் போய்க் குவிந்திருக்கிறது. பெண்கள் இவற்றைப் பார்த்துத்தான் துணையை ஏற்கின்றன அல்லது விரட்டுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஆட்டம், தரை வழியாகப் போகும் அதிர்வு ஆகிய இரண்டுமே ஆணின் வெற்றிக்குக் கணக்கில் வருகின்றன என்று மேடலின் கிரார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015இல் மரேடஸ் வோலன்ஸில் காட்டினார்கள்.

ஆக, பெண் சிலந்தி எதைக் கவனிக்கிறதோ அதையே கேமராவும் பதிய முடிகிறது. இது சிலந்தி உலகில் அரிதாகக் கிடைக்கும் வசதி. இன்னொன்றும் உண்டு. அருங்காட்சியகக் குப்பிகளில் சாராயத்தில் ஊறும் மாதிரிகளின் நிறங்கள் நாளடைவில் மங்கிவிடுகின்றன; உயிரோடு சிவப்பாக மின்னிய செதில் வெளிறிப்போகிறது. பழைய குப்பியில் இருப்பதும் நேற்று புதரில் பார்த்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிடும்போது, உயிரோடு எடுத்த படம் இல்லாவிட்டால் பாதிச் சான்று கையில் இல்லை என்றே பொருள்.

இந்த வசதி வளர்ந்த ஆண்களுக்கு மட்டுமே. அதிலும் தோகை விரிந்த நிலையில் இருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் ஆண் மடல்களைப் பின்னுடலின் பக்கவாட்டில் மடித்து வைத்திருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் கோலத்தின் நடுப்பகுதிதான் தெரியும், ஓரங்கள் கீழே போய்விடும். பெண்ணை நோக்கி விரித்த தோகையை நேர் முன்னிருந்து எடுத்த ஒரு படம், ஓய்வில் எடுத்த பல படங்களை விட அதிகம் சொல்லும். மூன்றாம் காலும் படத்தில் தெரிய வேண்டும். வோலன்ஸின் மூன்றாம் காலில் கரிய மயிர்த் தூரிகையும் வெள்ளை நுனியும் உண்டு. எல்லாக் கால்களும் தெளிவாக விழுந்து மூன்றாம் கால் மட்டும் புல்லுக்குப் பின்னால் மறைந்துவிட்ட படம், அழகாக இருந்தாலும் அடையாளத்துக்குப் பாதிதான் உதவும்.

தோகையையே நம்பி இருப்பதும் ஆபத்து. மரேடஸ் பெர்சோனாடஸின் பின்னுடலில் சொல்லிக்கொள்ளும்படி நிறம் ஏதும் இல்லை. முகத்தில் நீல முகமூடி அணிந்ததுபோல் செதில்கள் இருக்கும். 2021இல் பெயர் பெற்ற மரேடஸ் நீமோவுக்கு விரியும் தோகையே கிடையாது. அதன் முகம் ஆரஞ்சு நிறம், குறுக்கே வெள்ளைக் கோடுகள். ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில் வரும் மீனை நினைத்துத்தான் விக்டோரியா அருங்காட்சியகத்தின் ஜோசப் ஷூபர்ட் அந்தப் பெயரை வைத்தார். இந்த இரண்டு ஆண்களையும் முதுகுப்புறமாக மட்டும் எடுத்திருந்தால், ஏதோ ஒரு பழுப்புச் சிலந்தி என்று கடந்துபோயிருப்பார்கள். முகத்தைப் படமெடுத்தவர்களுக்குத்தான் சிலந்தி தெரிந்தது.

மறுபக்கம், ஒன்றுக்கொன்று உறவான சிலந்திகள் கொஞ்சமும் சாயல் இல்லாமல் இருப்பதும் நடக்கிறது. குவீன்ஸ்லாந்தின் தெற்கில் வொண்டுல் மலைத்தொடர்ப் பூங்காவில் கிடைத்து 2015இல் பெயர் பெற்றவை மரேடஸ் ஜாக்டேடஸும் மரேடஸ் ஸ்கெலட்டஸும். முன்னதில் நீலமும் சிவப்புமாக மாறி மாறிக் கோடுகள்; பின்னதில் கரிய உடம்பில் எலும்புக்கூடு வரைந்ததுபோல் வெள்ளைக் கோடுகள். நிறத்தை வைத்து வகைபிரிக்கும் பழக்கம் இவற்றின் முன்னால் தோற்றுவிடும்.

நிறம் ஏன் இப்படிக் கைவிடுகிறது என்பதற்கு, அது எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். மரேடஸ் ஸ்ப்ளெண்டன்ஸின் செதில்களை 2016இல் ஆராய்ந்தபோது, சிவப்பும் வெண்மஞ்சளும் நிறமிகளால் வருபவை என்றும், நீலம் செதிலின் நுண்ணமைப்பால் வருவது என்றும் தெரிந்தது. நிறமியால் வரும் சிவப்பு எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய சிவப்பாகவே இருக்கும். அமைப்பால் வரும் நிறமோ ஒளியும் கோணமும் மாறினால் தானும் மாறக்கூடியது. இதன் உச்சம் மரேடஸ் ராபின்சோனி. அதன் செதில்களின் மேல் நுண்ணிய வரிப்பள்ளங்கள் இருக்கின்றன; அவை ஒளியைப் பிரித்து வானவில்லின் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் காட்டுகின்றன என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. அந்தச் சிலந்தியை எடுத்த இரண்டு படங்களில் ஒன்றில் பச்சையும் மற்றதில் ஊதாவும் தெரிந்தால், இரண்டு சிற்றினங்கள் என்று முடிவுகட்டக் கூடாது. சிலந்தி சற்றே திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

கறுப்புக்கும் இதே கதிதான். மரேடஸ் ஸ்பீசியோசஸ், மரேடஸ் காரி ஆகியவற்றின் தோகையில் உள்ள கறுப்புப் பகுதிகள், விழும் ஒளியில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புகின்றன என்று 2019இல் அளந்தார்கள். மேற்பரப்பில் நெருக்கமாக அமைந்த நுண்புடைப்புகள் ஒளியை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. அந்த அடர்ந்த இருட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நீலமும் சிவப்பும் உண்மையில் இருப்பதை விடப் பிரகாசமாகத் தெரிகின்றன. பெண் சிலந்தியின் கண்ணுக்காக ஏற்பட்ட இந்த ஏற்பாடு கேமராவையும் ஏமாற்றும். கறுப்பை வெளிக்கொண்டுவர வெளிச்சத்தைக் கூட்டினால் நிறங்கள் வெளுத்துப்போகும். நிறங்களைக் காப்பாற்றினால் கறுப்புக்குள் இருக்கும் மயிரமைப்பு மறைந்துபோகும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் படத்தைக் கையில் வாங்கியதும், எந்த நிறம் என்பதைத் தள்ளிவைத்து, கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, புள்ளிகள் எத்தனை, மடலின் ஓரத்தில் மயிர் வரிசை உண்டா என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். கோலத்தின் வடிவம் ஒளியைப் பொறுத்து மாறாது.

மேக்ரோ லென்ஸின் இயல்பும் இங்கே குறுக்கிடுகிறது. இவ்வளவு சிறிய உடம்பைப் படம் முழுவதும் நிறையும்படி நெருங்கி எடுக்கும்போது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே தெளிவாக விழும். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் தோகை மங்கும். தோகையில் வைத்தால் முகம் போய்விடும். படக் கண்காட்சிக்கு ஒரே ஒரு நல்ல படம் போதும். அடையாளத்துக்கு அது போதாது. சுமாரான நான்கைந்து படங்கள் வெவ்வேறு பக்கங்களிலிருந்து வேண்டும்.

பெண் சிலந்திகளின் கதை வேறு. அநேகமாக எல்லாப் பெண்களும் பழுப்பும் சாம்பலும் கலந்து, காய்ந்த சருகோடு சருகாக மறைந்துவிடும் நிறத்தில் இருக்கும். வளராத குஞ்சுகளும் அப்படியே. தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து மரேடஸ் என்ற பேரினம் வரை சொல்லி நிறுத்துவதுதான் பெரும்பாலும் நேர்மையான விடை. எதிரில் ஓர் ஆண் ஆடிக்கொண்டிருக்கிறதே, அது போதாதா என்று தோன்றும். போதாது. மயில் சிலந்தி ஆண்கள் வேறு சிற்றினப் பெண்களின் முன்னும் ஆடக்கூடியவை. மரேடஸ் வெஸ்பெர்டிலியோவிலோ ஆணும் ஆணும் ஒன்றையொன்று எதிர்த்து மடல்களை விரித்து மோதிக்கொள்ளும். ஒரே படத்தில் இரண்டு சிலந்திகள் இருப்பதாலேயே அவற்றை ஜோடி என்று எழுதிவிட முடியாது.

படத்துக்குள் தெரியாத ஒரு தகவல், படத்தின் பாதி மதிப்பைத் தாங்கி நிற்கிறது. அது இடம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்டர்லிங் மலைத்தொடரில் உள்ள உச்சிகளில் மட்டுமே மரேடஸ் சாரே வாழ்கிறது. மயில் சிலந்திகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. அதே சாயலில் ஒரு படம் வேறு எங்கிருந்தாவது வந்தால், படத்தை விட்டுவிட்டு முதலில் இடக்குறிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். இடம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மயில் சிலந்திகளின் உறவான ஜோட்டஸ் ரீமஸ் நல்ல சான்று. இந்தச் சிலந்தியின் ஆணுக்கு மூன்றாம் காலின் நுனியில் துடுப்புப் போன்ற அகன்ற மயிர்த்தட்டு உண்டு. இலைக்கு அடியில் ஒளிந்து நின்று, அந்தத் துடுப்பை மட்டும் ஓரத்தில் காட்டிக் காட்டி மறைத்து, மேலே இருக்கும் பெண்ணோடு விளையாடும். ஓட்டோவின் கைக்கு இதன் முதல் ஆண், முகாம் பயணம் ஒன்றின் உடைமைகளோடு ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. எங்கே ஏறிக்கொண்டது என்று தெரியாததால், போன இடங்களுக்குத் திரும்பிப் போய்த் தேட வேண்டியதாயிற்று. கடைசியில் நியூ சவுத் வேல்ஸின் பேரிங்டன் டாப்ஸ் மலைப்பகுதியில் அகப்பட்டது. பெயர் சூட்டியது 2016இல்.

காலமும் துப்புக் கொடுக்கும். ஆஸ்திரேலிய வசந்தத்தை ஒட்டி, ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, வளர்ந்த ஆண்கள் தென்படும் பருவம். படத்தில் தேதி இல்லாவிட்டால் இந்தத் துப்பும் போய்விடும்.

படம் மட்டுமே போதும் என்று வாதிட்டவர்களும் இருக்கிறார்கள். 2015இல் தென்னாப்பிரிக்காவின் ஓர் ஈ வகை, மாதிரி எதுவும் சேகரிக்கப்படாமல், ஒளிப்படங்களை மட்டும் வைத்துப் பெயரிடப்பட்டது. விலங்குப் பெயரிடும் விதிகளை நெளிவுசுளிவாகப் படித்தால் அதற்கு இடம் இருக்கிறது. அடுத்த ஆண்டே ஏறத்தாழ 500 வகைப்பாட்டு அறிஞர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் அதிகம். நாளைக்கு ஒரு சந்தேகம் எழுந்தால் மாதிரியின் பெடிபால்ப்பைத் திருப்பிப் பார்க்கலாம், மரபணுவை எடுக்கலாம். படத்தில் பதிந்ததற்கு மேல் ஒரு செதில்கூடக் கிடைக்காது. நீமோவின் கதை சரியான வரிசையைக் காட்டுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கேம்பியர் பகுதியில் களப்பணியாளர் ஷெரில் ஹாலிடே எடுத்த படங்களை ஷூபர்ட் முகநூலில் பார்த்தார். இது புதிது என்று சந்தேகித்தார். உயிருள்ள சிலந்திகளை வரவழைத்தார். அவற்றை அருகிலிருந்து ஆராய்ந்த பிறகே பெயரிட்டார். உறவினர்கள் பலர் உலர்ந்த புதர்க்காடுகளில் வாழ, நீமோவோ நீர் தேங்கிய சதுப்புச் செடிகளில் வாழ்ந்தது. இதுவும் களத்தில் நின்றவரின் கண் தந்த தகவல்தான்.

இப்போது கைப்பேசியில் படத்தைக் காட்டினால் கணினியே பெயர் சொல்லிவிடுகிறது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளின் பரிந்துரைகள் பொதுவான சிலந்திகளுக்கு நன்றாகவே பயன்படுகின்றன. ஆனால் அந்தக் கணினி, போதிய படங்களோடு ஏற்கெனவே கற்றுக்கொண்ட சிற்றினங்களுக்குள்ளேதான் தேடும். 2008இல் ஹாரிஸின் படத்தை அப்படி ஒரு கணினியிடம் கொடுத்திருந்தால், மிக நெருக்கமாகத் தோன்றும் பழைய பெயர் ஒன்றைத்தான் அது நீட்டியிருக்கும். “இது எதிலும் அடங்கவில்லையே” என்று தயங்குவதற்கு, அந்தப் பேரினத்தின் சிற்றினங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிய மனிதர் வேண்டும்.

தமிழ்நாட்டில் மயில் சிலந்திகள் இல்லை. ஆனால் இங்கே தாவும் சிலந்திகளுக்குக் குறைவும் இல்லை. வீட்டுச் சுவர்களில் திரியும் பிளெக்சிப்பஸ் பேகுல்லியின் ஆண், கறுப்பில் வெள்ளைப் பட்டைகளோடு எடுப்பாக இருக்கும், பெண் பழுப்பு. படம் எடுப்பவர் இரண்டையும் இரண்டு சிலந்திகள் என்றே நினைப்பார். அதே பேரினத்தின் பீட்டர்சியும் இந்தியாவில் உண்டு. பெண்ணின் படம் ஒன்றை வைத்து எது எது என்று பிரிப்பது நிபுணருக்கே கடினம். தோட்டத்து இலைகளில் நீலமும் சிவப்புமாக ஓடும் கிரிசில்லா வோலூப்பேயின் நீலமும் கோணத்துக்குக் கோணம் மாறும் மினுக்கம்தான். மயில் சிலந்திகள் கற்றுக்கொடுக்கும் பாடங்கள் இங்கேயும் செல்லும். ஒரே ஒரு வேறுபாடு: இங்குள்ள பெரும்பாலான சிற்றினங்களுக்குத் தோகை இல்லை, ஆகவே பெடிபால்ப்பின் பக்கவாட்டுப் படத்துக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

கையில் கேமராவோ நல்ல கைப்பேசியோ இருப்பவர்கள் இனி ஒரு தாவும் சிலந்தியைக் கண்டால், முகம், முதுகு, பக்கவாட்டு, முடிந்தால் அடிப்புறம் என்று நான்கு பக்கமும் எடுங்கள். எந்தச் செடியில், எந்த ஊரில், எந்தத் தேதியில் என்பதைப் படத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். வெட்டித் திருத்தி நிறம் ஏற்றிய படத்தைப் பகிர்ந்தாலும், கேமரா தந்த மூலப் படத்தை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். பேரினம் வரைதான் சொல்ல முடிகிறது என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிற்றினப் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விடுங்கள், அதை நிரப்பத் தெரிந்தவர் பின்னால் வரக்கூடும்.